என் தங்கை அளந்த நிழல்

என் தங்கையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதை அவர்கள் சொல்லட்டும். நான் அவள் பிறந்த நாளிலிருந்து வயிறு எரிந்துகொண்டிருப்பவள். ஐம்பது வருடமாக அவளை என்னைப்போல் உற்றுப் பார்த்தவர்கள் வேறு யாரும் கிடையாது. பிரியமுள்ளவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். பொறாமைக்காரிக்கு அந்த வசதி இல்லை.

எனக்கு நாலு வயதிருக்கும்போது வந்து சேர்ந்தாள். அப்பா பேருந்து நடத்துநர். அம்மா முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பழைய செய்தித்தாளில் அளவு வரைந்து வெட்டுவாள். மிச்சமாகும் துண்டுகளில் நாங்கள் இரண்டு பேரும் படம் போடுவோம். நான் அம்மாவின் மர ஸ்கேலை வைத்து வீடு வரைவேன். சுவர், கதவு, ஜன்னல், எல்லாம் நூல் பிடித்த மாதிரி. அவள் ஸ்கேலைத் தொடமாட்டாள். துணி தைக்க வந்த அம்மாள் அளவெடுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பாளே, அதை வரைவாள். அம்மா அதைப் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னது சுத்தமா இருக்குடி" என்பாள்.

சுத்தமாக இருக்கிறதாம்! கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைச் சொல்கிற வார்த்தை. அவள் படம் மெஷினுக்கு மேலே சுவரில் ஏறும். என் வீட்டை நாலாய் மடித்து, ஆடுகிற மெஷின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுப்பாள் அம்மா. அவள் அதை யோசித்துச் செய்யவில்லை, கைக்குக் கிடைத்ததை எடுத்தாள், அவ்வளவுதான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நான் ஒழுங்காகப் படித்து வரைவாளர் பயிற்சி முடித்து, நகராட்சியில் திட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்தாறு வருடமாயிற்று. இந்த ஊரின் எந்தச் சாலையும் எந்தச் சாக்கடையும் முதலில் என் மேசையில் ஓடிவிட்டுத்தான் வெளியே ஓடியிருக்கிறது. அவள் படிப்பைப் பாதியில் விட்டாள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினாள். இறந்துபோனவர்களின் பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு பெரிதாக முகம் வரைந்து கொடுத்தாள். அந்தப் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவரையே கட்டிக்கொண்டாள். அவர் கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரே ஒரு ஜன்னல், தரையெல்லாம் சாயம், கால் வைத்தால் செருப்பு ஒட்டிக்கொள்ளும். அந்த அறையில் எப்போது போனாலும் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். என் வரவேற்பறையில் மூன்று நாற்காலியும் உறை போட்டு ஆள் வராமல் கிடந்தன.

வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு வாயும் இருந்தது, கையும் இருந்தது. என் வீட்டுக்காரர் நான் எது சொன்னாலும் "ம்" என்பார். அவள் வந்து உட்கார்ந்தால் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவார். என் மகளைப் பத்து மாதம் சுமந்தவள் நான். அவளுக்குப் பென்சில் பிடிக்கத் தெரிந்ததும் ஓடியது சித்தியிடம். "அம்மா போட்டா கோடு. சித்தி போட்டாதான் படம்" என்று ஏழு வயதில் சொன்னாள் அந்த மகராசி. சித்தி என்னவோ அவளைக் கண்டித்தாள். அந்தக் கண்டிப்பும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

இதெல்லாம் வீட்டுக்குள்ளே இருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அலுவலகம் ஒன்றாவது எனக்கென்று இருந்தது. அங்கேயும் வந்தாள்.

பேருந்து நிலையத்துக்கு முன்னால் மக்கள் சாலையைக் கடக்க ஒரு நடைமேம்பாலம் கட்டுவதாகத் திட்டம். நாலு மாதம் குனிந்து நிமிராமல் நான் வரைந்தது. முறைப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று கருத்துக்கேட்புக் கூட்டமும் கூட்டினார்கள். வழக்கமாக அந்தக் கூட்டத்துக்கு ஐந்து பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக. அன்றைக்கு என் தங்கை ஒரு பெரிய அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

என் பாலத்தைத்தான் வரைந்திருந்தாள். ஆனால் கீழேயிருந்து. கையில் இரண்டு பை, இடுப்பில் ஒரு குழந்தை, அப்படி ஒரு பெண் முதல் படியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. நாற்பத்திரண்டு படி. ஒவ்வொன்றையும் எண்ணிப் போட்டிருந்தாள். அட்டையைச் சபைப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். பிறகு ஒரு வயதானவர், "இதுல ஏறுறதுக்கு நான் அந்தப் பக்கமே போகாம இருந்துடுவேன்" என்றார். கூட்டம் சிரித்தது. பாலம் போயிற்று. தரையிலேயே சிக்னல் வைத்துக் கடக்கும் பாதை வந்தது. நாலு மாத வேலை, ஓர் அட்டைக்கு ஈடாகவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். "கோவமாக்கா?"

"எனக்கென்ன கோவம்? உனக்குக் கை தட்டுனாங்க, சந்தோஷம்."

"உன் படத்துல எல்லாமே இருந்துச்சுக்கா. அந்த நாப்பத்திரண்ட நான் உன் படத்துலதான் எண்ணுனேன். என்ன, அத ஜனங்களுக்குப் படிக்கத் தெரியல."

அவளுக்கு ஆறுதல் சொல்லக்கூட இப்படித்தான் வரும். சொன்னது உண்மை என்பதால் இன்னும் எரிந்தது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அவள் இல்லாத கருத்துக்கேட்பு கிடையாது. இரண்டாவது வரிசை, ஓரத்து நாற்காலி. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். திட்டம் எங்கே வருகிறதோ அந்த இடத்துக்கே போய் நிற்பாள். அங்கே நாள் முழுக்க இருக்கப்போகிறவர்களின் கண் உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுபோய் வைத்து வரைவாள். குழந்தைகள் காப்பகம் என்றால் தரையில் உட்கார்ந்துகொள்வாள். சக்கர நாற்காலிக்காரருக்காக அவரோடு கூடவே தெருவை ஒரு சுற்று சுற்றினாள். பெரிய கட்டடம் வருகிறதென்றால் நிழலையும் அளப்பாள். இரண்டு மீட்டர் கம்பு ஒன்றை நட்டு, அதன் நிழல் எவ்வளவு நீளம் என்று பார்த்து, கட்டடத்தின் உயரத்துக்கு ஏற்றபடி பெருக்கி, நிழல் எதுவரை வரும் என்று சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டுவிடுவாள். ஜனங்கள் வந்து அந்தக் கோட்டின் மேல் நின்று பார்ப்பார்கள். நான் போடுகிற கோட்டின் மேல் யார் வந்து நின்றார்கள்?

"உங்க தங்கச்சி வரைஞ்சு பாத்துட்டாங்களா?" என்று எங்கள் பிரிவின் பொறியாளரே என்னிடம் கேட்க ஆரம்பித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கதை அதைவிடக் கேவலம். ஆடவும் தெரியும், கூடமும் நான் கட்டியதுதான், ஆனால் பார்க்க ஆளில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அந்த வாகன நிறுத்தக் கட்டடம் வந்தது. நாலு மாடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையின் மேற்கே. சாலைக்குக் கிழக்கே ஒரு திறந்த மைதானம், அதில் ஒன்பது பெண்கள் சேர்ந்து நடத்துகிற சலவைக்கூடம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, எட்டு கொடிகளில் காயப்போட்டு, அன்றன்றைக்கே மடித்து அனுப்ப வேண்டும். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. மதிய நடை காய்வதற்கு நாலு மணிவரை மேற்கு வெயில் வேண்டும். அந்த வெயில்தான் அவர்கள் பிழைப்பு.

கட்டடத்தின் உயரம் பதினைந்து மீட்டர். நான் வரைந்தது, எனக்குத் தெரியாதா? நிழல் கொடிகளின் மேல் விழும் என்றும் தெரியும். ஆட்சேபம் வந்தால் கட்டடத்தை ஏழு மீட்டர் பின்னால் தள்ள இடமும் இருந்தது. அப்படித் தள்ளிய மாற்றுப் படம் ஒன்றையும் வரைந்து என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்காமல் கொடுக்க எங்கள் அலுவலகத்தில் வழக்கமில்லை. எப்படியும் என் தங்கை கேட்பாள் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வேலை முடிந்து அந்த வழியாக நடந்து வந்தேன். மைதானத்தில் நாலு மணி நிழலுக்கு வெள்ளைக் கோடு போட்டாயிற்று. சலவைக்கூடத்துத் தலைவியம்மா, இடுப்பில் ஈரத்துணி செருகியபடி, கோட்டுக்கும் முதல் கொடிக்கும் நடுவே கையை விரித்துக் காட்டினாள். "பாருங்க, ஒரு சாண் தள்ளியே நின்னுடுச்சு! உங்க தங்கச்சி வாயில சக்கரைதான் போடணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடு அங்கே நிற்கக் கூடாது. இன்னும் ஏழு மீட்டர் உள்ளே, எட்டில் நாலு கொடிகளைத் தாண்டி இருக்க வேண்டும்.

அங்கேயே நின்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டே நிமிடத்தில் புரிந்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியது என் மூலப்படம் இல்லை. பலகையில் இடம் போதாமல் ஜெராக்ஸில் சுருக்கி ஒட்டியிருந்தார்கள். படம் சுருங்கியது, ஆனால் மூலையில் இருந்த "ஒரு சென்டிமீட்டர் ஒரு மீட்டர்" என்ற வரி அப்படியே நின்றது. உயரம் குறித்த எண்ணோ நகலில் மங்கிப்போய் ஒரு கறையாகத் தெரிந்தது. இவள் ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறாள். பத்தரை சென்டிமீட்டர். பத்தரை மீட்டர்! எங்கள் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவர்கள்கூடச் செய்யமாட்டார்கள். சுருக்கிய நகலில் ஸ்கேல் வைக்காதே என்பதுதான் முதல் நாள் பாடம். ஆயுசுக்கும் ஸ்கேலைத் தொடாதவள் தொட்ட அன்றைக்கே மாட்டிக்கொண்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நெஞ்சுக்குள்ளே குளுகுளு என்றிருந்தது. அவள் வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் திரும்பாமல் நேராக வந்துவிட்டேன்.

மூன்று நாளும் அதை வைத்துக்கொண்டு நானே ரசித்தேன். சபை நிறைந்திருக்கும். அவள் படத்தைக் காட்டி முடிப்பாள். நான் எழுந்து, மெதுவாக, மரியாதையாக, "ஒரு சின்னத் திருத்தம்" என்பேன். மூலப்படத்தை விரிப்பேன். மாற்றுப் படத்தையும் எடுத்து வைப்பேன். வெயிலும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும், அவள் முகம் போகிற போக்கையும் பார்க்கலாம். இரண்டு சுருளையும் ரப்பர் போட்டு இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். அவற்றை நான் எடுத்துக்கொண்டு போனேன்.

கூடம் நிரம்பி வழிந்தது. ஒன்பது பெண்களும் முன்வரிசையில். நான் பொறியாளருக்குப் பக்கத்தில், சுவர் ஓரம். என் தங்கை அட்டையை நிறுத்தினாள். கொடிகளில் வெள்ளை விரிப்புகள், அவற்றின் மேல் முழு வெயில், நிழல் வேலிக்கு உள்ளே கொஞ்சம் வந்து நிற்கிறது. அழகாகத்தான் வரைந்திருந்தாள், பாவி. "கட்டடம் வரட்டும். நம்ம வெயிலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். ஒன்பது பேரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நான் சுருளிலிருந்து ரப்பரைக் கழற்றினேன்.

அப்போது அவள் என் பக்கம் கையை நீட்டினாள். "இன்னொண்ணு சொல்லணும். பன்னெண்டு வருஷமா என் படத்துக்குத்தான் கை தட்டுறீங்க. இதுல இருக்கிற ஒவ்வொரு அளவும் அதோ உக்காந்திருக்காங்களே, எங்க அக்கா, அவங்க போட்ட படத்துல இருந்து எடுத்தது. அவங்க கோடு ஒரு நாளும் தப்புனதில்ல. சின்ன வயசுல நான் வரைஞ்சது எல்லாம் அவங்க போட்ட வீட்டப் பாத்துத்தான். இன்னிக்கு அவங்களுக்குத் தட்டுங்க."

தட்டினார்கள். முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. சலவைக்கூடத்தம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். பொறியாளர் தட்டினார். பின்வரிசையில் என் மகள், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு தட்டினாள். என் பக்கம் திரும்பிய அத்தனை முகத்திலும் சிரிப்பு. ஐம்பது வருடமாக நான் பிச்சையாகக்கூடக் கேட்டிராத ஒன்றை அவள் எடுத்து மடியில் போட்டுவிட்டாள்.

சத்தம் அடங்கியதும் நகராட்சித் தலைவர், "ஆட்சேபம் ஏதாவது?" என்று கேட்டார். சொல்ல அதுதான் நேரம். எழுந்தால் முதலில் சொல்ல வேண்டியது, "எனக்கு நீங்கள் தட்டியது தப்பு" என்பது. இந்தக் கோடு தப்பு, இதை நம்பாதீர்கள் என்று, எழுந்து நிற்கிற அந்த ஒன்பது பேரிடம். கொஞ்சம் பொறுப்போம் என்று நினைத்தேன். இன்னும் ஒரே ஒரு நிமிடம். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

மறுநாள் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். அடித்தளம் தோண்டும் வரைக்கும் நேரம் இருந்தது. தெருவில் போனால் ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நின்று பேசினார்கள். நாற்காலி உறைகளை எடுத்துத் துவைத்தேன், ஆட்கள் வரலாம் என்று.

மூன்றாவது மாடி எழும்பியபோது நிழல் முதல் கொடியைத் தொட்டது. நாலாவது முடிந்ததும் நாலு கொடி போயிற்று. மதிய நடை விரிப்புகள் ஈரமாகவே திரும்பின. ஆஸ்பத்திரி அந்த நடையை வேறு ஊரில் இருக்கிற இயந்திரச் சலவைக்குக் கொடுத்துவிட்டது. ஒன்பது பேரில் நாலு பேருக்கு வேலை இல்லை. யார் நிற்பது என்று வந்தபோது தலைவியம்மா தன் பெயரைத்தான் முதலில் சொன்னாளாம். இப்போது கிடங்கு ஒன்றில் மூட்டை தைக்கிறாள்.

என் தங்கை ஒரு வாரம் மைதானத்திலேயே கிடந்தாள். கம்பை நட்டாள், அளந்தாள், மறுபடி நட்டாள். அவளுக்குப் பழைய நகல் ஞாபகம் வந்ததும் என் அலுவலகக் கிடங்கில் போய் மூலப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"சுருக்குன காப்பிக்கா. அதுல போய் ஸ்கேல வச்சு அளந்துட்டேன். கார் நிக்கிற மாடிதானே, உயரம் கம்மியா இருக்கும்னு நெனச்சுட்டேன். உன் படத்துல சரியா பதினஞ்சுன்னு போட்டிருக்கு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தாள்.

"உன் பேர் கெட்டுடக் கூடாதுல்ல? அதான் அந்த ஒம்பது வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வரேன். எங்க அக்கா கோட்டுல தப்பில்ல, அளந்தது நான், தப்பு என்னுதுன்னு. ஒருத்தங்க கதவச் சாத்திட்டாங்க. பரவால்ல. உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நல்ல மனதினால் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்காக ஒன்பது வாசல் ஏறி இறங்கிவிட்டு, எனக்கு எதிரில் அவள் அப்படி உயர்ந்துபோனதைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன்.

"நான் பாத்தேன்டி. கூட்டத்துக்கு மூணு நாள் முன்னாடியே பாத்தேன்."

"எத?"

"அந்தக் கோட்ட. தப்புன்னு தெரியும். மாத்துப் படம்கூட கையில வச்சிருந்தேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். அந்தச் சுருள் இன்னும் அங்கே இருப்பதுபோல. "எல்லாரும் கை தட்டுனாங்களே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எழுந்து, நாற்காலியை அதன் இடத்தில் தள்ளிவிட்டு, வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

யாரிடமும் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தினமும் பயந்துகொண்டுதான் இருந்தேன், ஆனாலும் தெரியும். சொல்லவில்லை. தன் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, என் மகளிடம் சொல்லவில்லை. அந்த ஒன்பது பேரும் இன்றைக்கும் அவள் தப்பு என்றுதான் பேசுகிறார்கள். நானாகப் போய் அந்த வாசல்களில் சொல்லலாம். இந்த நிமிடம் வரை போகவில்லை.

அடுத்த கருத்துக்கேட்புக்கு அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கையில் அட்டை இல்லை. எப்போதும் காலியாக விட்டு வைக்கிற ஓரத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் புதிய வடிகால் படத்தை விரித்ததும் கூட்டத்துக்கு நடுவேயிருந்து கையைத் தூக்கினாள்.

"மேடம், இந்தப் படம் முழு அளவுதானா, இல்ல சுருக்குனதா?"

சபையில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அரசாங்கக் கூட்டம், அக்காவாக இருந்தாலும் மரியாதையாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"முழு அளவு" என்றேன்.

"நன்றி, மேடம்" என்று சொல்லிவிட்டு, அவளே முன்னால் வந்து, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து என் கோட்டின் மேல் வைத்துச் சரிபார்த்தாள்.